ஏரிக்கு மண் சுமந்தவங்க

பிட்டுக்கு மண் சுமந்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். வைகையில் வெள்ளம் வந்து கரை உடையுது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பங்குக் கரையை அடைக்கணும்னு பாண்டிய ராஜா உத்தரவு போடுறார். பிட்டு வித்துப் பிழைக்கிற வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளா வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியா வாங்கித் தின்னுட்டு மண் சுமக்கிறார். சரியா வேலை செய்யலைன்னு ராஜா பிரம்பால் அடிக்க, அந்த அடி ராஜா முதுகு உட்பட எல்லார் முதுகிலயும் விழுது.

திருவிளையாடற் புராணத்தில் வர்ற இந்தக் கதையைப் பக்தியாத்தான் கேட்டு வளர்ந்தோம். நம்ம மலருக்காக ஏரி வரலாறு எழுதச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கிழவிதான். தனியா இருந்த ஏழைக் கிழவிக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து விட்டிருக்காங்க பாருங்க. வேலையில் பங்கு உண்டு. ஆனா கரையை எப்போ, எப்படி அடைக்கணும்னு முடிவு பண்ற இடத்தில் அவளை யாரும் கூப்பிட்டதாகக் கதையில் இல்லை. நான் எழுத வந்தது அந்த விஷயத்தைப் பற்றித்தான்.

நம்ம சேலம், நாமக்கல் சமவெளி மழையை நம்பிய பூமி. மேட்டூர் அணையை 1934இல் கட்டி முடிச்சாங்க. அணை நம்ம பக்கத்தில்தான் இருக்கு, ஆனா தண்ணியில் பெரும்பங்கு டெல்டாவுக்குப் போகுது. நமக்கு மிஞ்சினது சேர்வராயன் மலையிலயும் சுத்தி இருக்கிற குன்றுகளிலயும் பெய்யுற மழைதான். அந்தத் தண்ணி திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதின்னு பிரிஞ்சு ஓடுது. திருமணிமுத்தாறு சேலத்தைத் தாண்டி, நாமக்கல் மாவட்டத்துக்குள்ள வந்து, நன்செய் இடையாறு பக்கத்தில் காவிரியில் கலக்குது. வருஷத்தில் பாதி நாள் மணலாக் கிடக்கிற ஆறுகள்தான். மழைக்காலத்தில் வர்ற தண்ணியைப் பிடிச்சு வைக்கத்தான் முன்னோர்கள் ஏரிக்குக் கீழே ஏரின்னு கட்டிவிட்டாங்க. மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியா வழிஞ்சு ஓடைக்கு வரும், ஓடை வழியா அடுத்த ஏரிக்குப் போகும். நடுவில் ஒரு இடத்தில் அடைச்சால் கீழே உள்ள எல்லா ஊருக்கும் தண்ணி போச்சு.

இந்த ஏரிகளை யார் பார்த்துக்கிட்டாங்க? உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டினது. குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்தாங்க. ஏரிக்குன்னே தனியா ஒரு வாரியம் இருந்ததுன்னு நாம பெருமைப்படலாம். ஆனா யார் நிக்கலாம்னு அதே கல்வெட்டு சொல்லுது: வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும், சொந்த மனையில் வீடு இருக்கணும், வயசு 35க்கு மேல் 70க்குள் இருக்கணும், வேத சாஸ்திரம் தெரிஞ்சிருக்கணும். நிலம் இல்லாதவனுக்கு இடம் இல்லை. பெண்ணுக்கு இல்லவே இல்லை.

ஊர் ஊருக்கு நடந்த குடிமராமத்தும் அப்படித்தான். கோடையில் ஏரி வத்தினதும் வண்டல் அள்ளி வயலுக்கு அடிக்கிறது, கரையைப் பலப்படுத்துறது, மதகைச் சரிபண்றது, வாய்க்கால் தூர் வாருறது எல்லாம் ஊர்க்காரங்க பொறுப்பு. ஆள் அனுப்பலைன்னா ஊரில் கேள்வி கேட்பாங்க. வெள்ளைக்காரன் காலத்தில் 1858இல் இதுக்குச் சட்டமே போட்டாங்க. அதுக்குச் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம்னு பேரு. பேரிலயே ‘கட்டாய’ன்னு இருக்கு, கவனியுங்க. வழக்கமா செய்யவேண்டிய வேலைக்கு வராதவங்ககிட்டப் பணம் வசூலிக்க அதில் வழி இருந்தது.

‘அந்தக் காலத்தில் ஊரே ஒண்ணு கூடி ஏரியைக் காப்பாத்தினாங்க’ன்னு இப்போ மேடையில் பேசுறாங்க. அதில் பாதி உண்மை. ஊர் ஒண்ணு கூடினது நிஜம். யார் மண் சுமந்தாங்க, யார் வயலுக்குத் தண்ணி போச்சுங்கிற மீதிப் பாதியைப் பேச மாட்டேங்கிறாங்க. ராத்திரியில் மதகைத் திறந்து அடைச்சு, மழை நாளில் கரை மேலயே படுத்துக் கிடந்த நீர்க்கட்டிகளும் நீராணிகளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்கதான். அறுவடையில் களத்து நெல்லாக் கொஞ்சம் கூலி கிடைக்கும். ஏரியோட குணம் முழுசும் அவங்களுக்குத் தெரியும். ஆனா ஏரிக்குக் கீழே அவங்களுக்குன்னு ஒரு காணி நிலம் இருந்த ஊர்கள் ரொம்பக் குறைவு.

இந்த ஏற்பாடு எப்போ கலைஞ்சது? என் மாமியார் ஒரு வார்த்தையில் சொல்வாங்க: “மோட்டாரு வந்துச்சு, ஏரி செத்துச்சு.” கவலை இறைச்ச கிணத்துக்குக் கரண்ட் மோட்டார் வந்ததும், அவங்கவங்க தண்ணி அவங்கவங்க காட்டிலயே கிடைச்சது. ஏரி மதகுக்கு முறை போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் கிணறு வத்தி ஆழ்துளைக் கிணறு வந்தது. நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை. நாடு முழுக்கத் துளை போட்ட ஊர்க்காரங்க நாம! அந்தத் தொழிலில் எத்தனையோ குடும்பம் முன்னுக்கு வந்திருக்கு, அதை நான் குறை சொல்லலை. ஆனா நிலத்துக்கு அடியில் தண்ணி ஊறணும்னா மேலே ஏரி நிரம்பி இருக்கணுமே. அந்தக் கணக்கை யாரும் போடலை.

சர்க்கார் பக்கமும் ஏரியைப் பங்கு போட்டாங்க. 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி அப்போ பொதுப்பணித் துறைக்கு (2021இலிருந்து நீர்வளத் துறைக்கு), அதுக்குக் குறைஞ்சது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஏரிக்குத் தண்ணி கொண்டுவர்ற ஓடை வருவாய்த் துறையில் புறம்போக்குக் கணக்கு. ஒரே தண்ணிக்கு மூணு ஆபீஸ். எதுக்கு எந்த ஆபீஸ்னு தெரியாமலே நிறைய மனு செத்துப்போகும். நம்ம உறுப்பினர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

கவனிக்க ஆள் இல்லாத இடத்துக்கு எல்லாக் கழிவும் வந்து சேர்ந்தது. திருமணிமுத்தாற்றில் சேலம் நகரத்துச் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்தது. குச்சிக்கிழங்கு அரைக்கிற சேகோ ஆலைகள் நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் சோறு போட்டவை. சேகோசர்வ் சங்கமே 1981இல் இங்கேதான் வந்தது. ஆனா கிழங்கு கழுவின தண்ணியைச் சுத்தம் பண்ணாமல் ஓடையில் விட்டால் அந்தப் புளிச்ச நாத்தம் எப்படி இருக்கும்னு ஓடைக்கரைக் குழுக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போ பல ஆலைகளில் அந்தக் கழிவுத் தண்ணியிலிருந்தே எரிவாயு எடுத்து அடுப்பெரிக்கிறாங்க. செய்ய முடியும்ங்கிறதுக்கு அதுவே சாட்சி.

ஏரிக்குள்ள சீமைக் கருவேலம் வந்தது. நாம வேலிகாத்தான்னு சொல்றது. வெளிநாட்டு மரம், 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தாங்க. விறகுப் பஞ்சத்துக்கு நல்லதுன்னு பின்னால் ஊர் ஊரா பரப்பினாங்க. அதை வெட்டணும்னு இப்போ எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்றேன். ஆனா கேஸ் அடுப்பு வர்ற வரைக்கும் நம்மில் எத்தனை பேர் வீட்டு உலை அதில் கொதிச்சது? கரிமூட்டம் போட்டு எத்தனை பேர் பிழைச்சோம்? வெட்டுற ஏலத்தை வெளி ஆளுக்கு விடாமல், அதை நம்பிப் பிழைக்கிற பெண்களுக்கு முதலில் கொடுத்தால் வெட்டின இடத்தில் வேற கன்று வைக்கவும் ஆள் இருக்கும். வெட்டும்போது நாட்டுக் கருவேலத்தை விட்டுடணும். ஏரிக்குள்ள நாரையும் கொக்கும் கூடு கட்டுறது அதிலதான்.

நம்ம பக்கத்தில் இன்னொண்ணும் போச்சு: இட்டேரி. ரெண்டு காட்டுக்கு நடுவில் வண்டித்தடம், ரெண்டு பக்கமும் கிளுவை, கள்ளி, ஆவாரை வேலி. நகரத்துப் பிள்ளைகளுக்கு அது புதர். நமக்குப் பிரண்டையும் கோவைக்காயும் கிடைச்ச இடம், ஆடு மேய்ஞ்ச இடம், அவசரத்துக்கு ஒதுங்கின இடமும் அதுதான். கவுதாரி, செம்போத்து, கீரி, ஓணான் எல்லாம் அதுக்குள்ள குடியிருந்தது. கம்பிவேலி வந்ததும் வேலிமரத்தை வேரோடு எடுத்தாங்க. குடியிருந்த ஜீவனெல்லாம் எங்கே போகும்? மயில் காட்டுக்குள்ள இறங்கி நிலக்கடலையைக் கிளறுதுன்னு கூட்டத்துக்குக் கூட்டம் புகார் வருது. மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பில் இருக்கிற பறவை, தொட முடியாது. நஷ்டப்பட்ட அக்காங்க கோபத்தில் நியாயம் இருக்கு. பறவையைக் காப்பாத்தச் சொல்றவங்க அந்தப் பயிருக்கும் பதில் சொல்லணும்.

இனி நம்ம கதைக்கு வர்றேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தோட உதவியில் ஆரம்பிச்சது. 1991-92இல் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. அப்போ நாமக்கல் நம்மகூடவே இருந்தது. 1997 ஜனவரி 1ஆம் தேதிதான் தனி மாவட்டம் ஆச்சு. மலர் வேலைக்காகப் பழைய தீர்மான நோட்டுகளை எல்லாம் பரணிலிருந்து இறக்கினோம். கரையான் அரிச்சது போக மிஞ்சினதைப் படிச்சேன். முதல் பல வருஷத்துக்குச் சேமிப்பு, உள்கடன், வட்டி, வராதவங்களுக்கு அபராதம், இது தவிர வேற எதுவும் இல்லை. குடிதண்ணி வரலைங்கிற மனு நிறைய இருக்கு. ஏரிங்கிற வார்த்தை இல்லை. ஏரியை ஆம்பிளைங்க சமாச்சாரம்னு விட்டிருந்தோம்.

அந்த வார்த்தை முதலில் வர்றது நூறு நாள் வேலையோடதான். தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் வந்தாலும், நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் 2008 ஏப்ரலில்தான் நீட்டிச்சாங்க. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவங்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். வேலையும் பெரும்பாலும் குளம், ஏரி, வாய்க்கால் தூர் வாருறதுதான். மண்வெட்டியும் பாண்டுச் சட்டியும் எடுத்துக்கிட்டு ஏரிக்குள்ள இறங்கினது யாருன்னு பாருங்க. பழையபடி நாமதான். வித்தியாசம் ஒண்ணு உண்டு: இந்தத் தடவை கூலி நம்ம பேரில் வங்கிக் கணக்கில் ஏறுச்சு, அட்டையில் நம்ம பேர் இருந்தது. வந்திக் கிழவிக்கு அது கிடைக்கலை.

‘மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குறாங்க’ன்னு கேலி பேசுறவங்க உண்டு. அதுக்கு நான் ஒரு பதில் வெச்சிருக்கேன். ஏரிக்குள்ள எங்கே வெட்டணும்னு அளந்து கொடுத்தது நாங்களா? ரெண்டு வருஷம் ஒரே இடத்தில் குழி வெட்டினோம். மூணாவது வருஷம் எங்க குழுவில் மூத்த ஆயா ஒருத்தர் கரை மேல நின்னு கேட்டாங்க: “அண்டாவை இப்படிக் கழுவுறீங்களே, அதுக்குத் தண்ணி வர்ற வழியை எவளாவது பார்த்தீங்களாடி?” வரத்து வாய்க்கால் வேலிகாத்தான் மூடிக் கிடந்தது. ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணி வர வழி இல்லை. அந்த ஆயா ஆடு மேய்ச்சவங்க. ஓடை எந்தக் காட்டுக்குள்ள புகுந்து எங்கே திரும்புதுன்னு நடந்து நடந்து தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. அடுத்த கூட்டத்தில் எழுதின தீர்மானம்தான் எங்க நோட்டில் ஏரியைப் பற்றிய முதல் பெரிய தீர்மானம்: வேலையை வரத்து வாய்க்காலில் கொடுக்கணும்.

இதே காலத்தில் சேலம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி வேலை நடந்தது. சேலம் மக்கள் குழு, பியூஷ் மானுஷ் முன்னின்று, 2010இல் மாவட்ட நிர்வாகத்துகிட்ட அனுமதி வாங்கிப் பொதுமக்கள் பணத்தில் செஞ்சது. சுமார் 58 ஏக்கர் ஏரி. குப்பையும் கழிவும் சேர்ந்து கிடந்த இடம். தூர் வாரின மண்ணை லாரியில் வெளியே ஏத்தாமல் ஏரிக்குள்ளயே திட்டுத் திட்டாக் குவிச்சு மரம் நட்டாங்க. மண்ணை வெளியே கொண்டுபோற செலவு மிச்சம், பறவைக்குத் தீவு கிடைச்சது. மனுசக் கால் படாத திட்டில்தான் நீர்க்காகமும் கொக்கும் பயமில்லாமல் அடையும். அப்புறம் அம்மாபேட்டை ஏரி, குண்டுக்கல் ஏரின்னு வேலை தொடர்ந்தது. நம்ம உறுப்பினர்கள் ஒரு தடவையாவது மூக்கனேரிக் கரையில் காலை நேரம் நடந்து பாருங்க. ஆனா அது நகரத்து வேலை. நன்கொடை உண்டு, மிஷின் உண்டு, பத்திரிகை உண்டு. ஊர்ப்புறத்து ஏரிக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது.

நமக்கு நெருங்கின பாடம் வேலூர், திருவண்ணாமலை மாவட்டத்து நாகநதி. வறண்டு கிடந்த நதி. 2014 வாக்கில் தொடங்கின வேலையில், நூறு நாள் திட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து மலைச்சரிவில் கல்தடுப்பு கட்டினாங்க, ஓடையில் நீர் செறிவூட்டும் கிணறு வெட்டி உறை இறக்கினாங்க. ஓடுற தண்ணி நின்னு நிலத்துக்குள்ள இறங்கி, கிணறுகள் ஊறி, நதியில் திரும்பத் தண்ணி வந்தது. 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலிப் பேச்சிலயே அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னார். அவங்ககிட்ட இருந்தது நம்மகிட்ட இருக்கிற அதே பாண்டுச் சட்டிதான். வெட்டுற இடத்தை முன்கூட்டியே நிலத்தோட வாட்டம் பார்த்துத் திட்டமிட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

பறவை விஷயத்தில் பக்கத்து ஈரோடு மாவட்டத்து வெள்ளோட்டைச் சொல்லணும். பறவைகள் சரணாலயத்தைச் சுத்தி உள்ள ஊர்க்காரங்க தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிறதில்லை. அந்த மாசம்தான் வெளியூர்ப் பறவை வந்து இறங்குற நேரம். தீபாவளியன்னிக்கு அழுகிற பிள்ளையை மத்தாப்போட சமாதானம் பண்றது எந்த வீட்டிலயும் அம்மாக்கள் வேலைதானே. சரணாலயம்னு பலகை வைக்கிறது சர்க்கார். காப்பாத்துறது அந்த வீட்டுத் திண்ணைகள்.

2017இல் குடிமராமத்துங்கிற பழைய பேர் திரும்ப வந்தது. அரசே அந்தப் பேரில் திட்டம் போட்டு ஏரி வேலையை விவசாயிகள் சங்கங்கள் மூலமாக் கொடுத்தது. நல்ல வேலை நடந்த ஏரிகள் உண்டு. ஆனா சங்கத்தில் இருக்க ஆயக்கட்டில் நிலம் வேணும். பாசன சபைகளுக்கான 2000ஆம் வருஷத்துச் சட்டமும் நிலம் வெச்சிருக்கிறவங்களைத்தான் உறுப்பினர்னு சொல்லுது. நம்ம குழுக்களில் எத்தனை பேருக்குத் தன் பேரில் பட்டா இருக்கு? கை தூக்கச் சொன்னால் கூடம் அமைதியாயிடும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கால் வேலி கேட்டாங்க, இப்போ பட்டா கேட்கிறாங்க. ஏரி மீன் குத்தகை ஏலத்திலும் இதே கதைதான். குழுவா முன்பணம் கட்டி ஏலம் கேட்க நமக்குச் சேமிப்பு இருக்கு, போய் நிக்கத்தான் தயக்கம்.

நிலம் கேட்காத ஒரே இடம் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும். முன்னால் வருஷத்துக்கு நாலு தடவை கூடினது. இப்போ உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 சேர்த்து ஆறு. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம்னு 2016இல் சட்டம் வந்து, 2019 கடைசியில் நடந்த ஊராட்சித் தேர்தலில் நம்ம குழுக்காரங்க பல பேர் வார்டு உறுப்பினரா, தலைவரா ஆனாங்க. ஏரி வாரியத்தில் இல்லாத இடம் இங்கே இருக்கு.

எங்க ஊர் வரத்து வாய்க்காலை நாங்க மூணு நாள் நடந்து அளந்தோம். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டுப் பார்த்தோம். எந்த சர்வே எண்ணில் ஓடைப் புறம்போக்குன்னு இருக்குன்னு குறிச்சுக்கிட்டோம். மூணு இடத்தில் அடைப்பு. ஒண்ணு வேலிகாத்தான், அதை நூறு நாள் வேலையிலயே எடுத்தாச்சு. ரெண்டாவது, பாலத்துக்கு அடியில் போட்ட குழாய் சின்னது. ஒன்றியத்தில் மனு கொடுத்து, ரெண்டு தடவை நினைவூட்டு எழுதி, பெரிய குழாயா மாத்த வெச்சோம். அந்த ஐப்பசியில் ஏரிக்குப் பாதித் தண்ணி வந்தது. முக்குளிப்பான் குஞ்சோட நீந்துறதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையா நின்னு பார்த்தாங்க. ஆழத்துக்குப் போயிருந்த எங்க தெருக் கைபம்பில் தண்ணி ஏறினது எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம்.

மூணாவது அடைப்பு இன்னும் இருக்கு. வாய்க்கால் ஒரு வீட்டு மனைப் பிரிவுக்குள்ள போய் முடிஞ்சுபோச்சு. அங்கே மனை வாங்கினவங்களும் நம்மைப் போலக் கடன் பட்டவங்கதான், நம்ம உறுப்பினர் குடும்பமே ரெண்டு இருக்கு. வீட்டை இடிக்கச் சொல்லி நாங்க கேட்கலை. மனைப் பிரிவின் ஓரமா, பொது வழிக்கு விட்ட இடத்தில் மூடின வாய்க்கால் போட இடம் போதும்னு அளந்து பார்த்தவங்க சொல்றாங்க. அந்த ரெண்டு குடும்பமும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நில அளவைக்குப் பணம் கட்டின ரசீது கூட்டமைப்பு பீரோவில் இருக்கு. அளவை முடிஞ்சு வரைபடம் கைக்கு வந்ததும் அடுத்த கிராம சபையில் வைக்கப் போறோம். ஓடைக்குக் கீழே உள்ள மூணு ஊர்க் குழுக்களும் அன்னிக்குத் தங்கள் ஊர் சபையில் இதே தீர்மானத்தைக் கொடுக்கிறதா ஒத்துக்கிட்டிருக்காங்க.